மூலநிரல் இருக்கிறது, அப்புறம் என்ன? ஓபன்சோலாரிஸ் இல்லுமோஸாகப் பிழைத்த கதை

ஒரு திறமூல இயங்குதளத்தை நடத்திக்கொண்டிருந்த நிறுவனம் அதைக் கைகழுவியதும் வழக்கமாக ஒரு பேச்சு எழும். "அதான் மூலநிரல் நம்ம கையில இருக்கே, எடுத்து நாமே நடத்திக்கலாம்" என்பார்கள். உரிமத்தைப் படித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் நிஜமாகவே எடுத்து நடத்த உட்காருகிறவருக்கு முதல் நாளே விஷயம் புரிந்துவிடும்: பில்ட் (மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலை) ஓடாது. வீட்டுப் பத்திரம் நம் பெயரில் இருக்கிறது, கிணற்றுக் கயிறு மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்ற மாதிரியான நிலைமை. இது எப்படிப்பட்ட தலைவலி, அதிலிருந்து யார் எப்படி மீண்டார்கள் என்று பார்க்க எனக்குத் தெரிந்து ஓபன்சோலாரிஸை விட நல்ல உதாரணம் இல்லை.

சோலாரிஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தின் யூனிக்ஸ் வகை இயங்குதளம். வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய சாமான். லினக்ஸ் அந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தபோது, சன் 2005 ஜூன் மாதம் சோலாரிஸின் பெரும்பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது. அதுதான் ஓபன்சோலாரிஸ். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள்ளேயே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க உதவும் டிட்ரேஸ், கோப்பு முறைமைகளில் இன்றும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் இசட்எஃப்எஸ், கன்டெய்னர் என்ற சொல் ஃபேஷன் ஆவதற்கு முன்பே, ஒரே இயங்குதளத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துக் கொடுத்த சோன்ஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. சிடியிலிருந்தே பூட் ஆகும் பெலினிக்ஸ் என்ற ஓபன்சோலாரிஸ் வினியோகத்தை (பயன்படுத்தத் தயாராகக் கட்டித் தரும் முழு இயங்குதளத் தொகுப்பை) உருவாக்கியவர்கள் பெங்களூரில் இருந்த சன் பொறியாளர்கள். சன் 2008 மே மாதம் "ஓபன்சோலாரிஸ்" என்ற பெயரிலேயே ஒரு வினியோகத்தை வெளியிட்டபோது, அதன் லைவ் சிடி நுட்பம் பெலினிக்ஸிலிருந்துதான் போனது. அந்த வினியோகத்தை உருவாக்கும் வேலைக்கு உள்ளே வைத்திருந்த பெயர் ப்ராஜெக்ட் இந்தியானா, அதை நடத்தியவர் டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்தை ஆரம்பித்த இயன் மர்டாக். இந்தியானா என்ற பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

2009 ஏப்ரலில் தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் சன்னை சுமார் 740 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2010 ஜனவரி 27 அன்று கைமாற்றம் முடிந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஓபன்சோலாரிஸில் 2009.06 பதிப்புக்கு அடுத்து 2010.03 என்ற பதிப்பு வர வேண்டும், மார்ச் வந்தது, போனது, பதிப்பு வரவில்லை. நிறுத்திவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை, தொடர்கிறோம் என்றும் சொல்லவில்லை. சமூகத்தின் நிர்வாகக் குழு, எங்களோடு பேச ஆகஸ்ட் 16-க்குள் ஒரு ஆளையாவது நியமியுங்கள் என்று ஆரக்கிளுக்குக் கெடு வைத்தது. ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 13 அன்று, ஆரக்கிளின் உள் சுற்றறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. இனி ஓபன்சோலாரிஸ் வினியோகம் கிடையாது, அன்றாட வளர்ச்சி வேலைகளும் வெளியே தெரியாது என்பதுதான் அதன் சாரம். ஆகஸ்ட் 23 அன்று நிர்வாகக் குழு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: திறமூல உரிமத்தில் வெளியான நிரலை எப்படித் திரும்ப மூட முடியும்? ஏற்கெனவே வெளியானதை மூட முடியாது. ஆனால் இனி எழுதப்போவதை மூடலாம், பதிப்புரிமை முழுக்க கையில் இருந்தால். ஓபன்சோலாரிஸின் உரிமமான சிடிடிஎல்-இன்படி, அந்த உரிமத்தில் இருக்கும் ஒரு கோப்பைத் திருத்தி வெளியே கொடுக்கிறவர் திருத்தத்தையும் வெளியிட வேண்டும். இது உரிமம் வாங்கியவர்களுக்கு. உரிமையாளரை அது கட்டாது. வெளியிலிருந்து பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியவர்களிடமெல்லாம் சன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பதிப்புரிமையில் தனக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் ஆரக்கிள் கைக்குப் போனதும், அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து மூடிக்கொள்ள அதற்கு வழி கிடைத்துவிட்டது. சன்னை நல்லவர்கள் என்று நம்பித்தான் பலர் கையெழுத்துப் போட்டார்கள். நல்லவர்களும் ஒருநாள் விலைபோவார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, மீட்டெடுத்த கதைக்கு வருவோம். சுற்றறிக்கை கசிவதற்குப் பத்து நாள் முன்பே, ஆகஸ்ட் 3 அன்று, கேரட் டி'அமோர் என்ற முன்னாள் சன் பொறியாளர் இல்லுமோஸ் என்ற திட்டத்தை அறிவித்தார். அவர் அப்போது நெக்சென்டா என்ற சேமிப்பக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் இதை "ஃபோர்க்" (மூலத்திட்டத்திலிருந்து பிரிந்து தனியாகப் போகும் கிளை) என்று சொல்லவில்லை. ஆரக்கிளின் மூலநிரல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், அதில் மூடிக்கிடக்கும் துண்டுகளுக்கு மட்டும் நாங்கள் மாற்று எழுதுவோம் என்பதுதான் திட்டம். பத்தே நாளில் ஆற்றின் மேல்பக்கம் வற்றிவிட்டது, வேறு வழியில்லாமல் அது முழு ஃபோர்க் ஆனது.

மூடிக்கிடந்த துண்டுகள் என்றேன் இல்லையா, அதுதான் முதல் தடை. சோலாரிஸில் சில பகுதிகள் சன்னுக்கே சொந்தம் இல்லை, வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிச் சேர்த்தவை. அவற்றின் மூலநிரலை சன்னால் வெளியிட முடியவில்லை. அதனால் கம்பைல் செய்த பைனரிகளாக (கணினி ஓட்டும், மனிதர் படித்துத் திருத்த முடியாத வடிவில்) ஒரு தனிப் பொதியில் கட்டிக் கொடுத்தது. ஓபன்சோலாரிஸை யார் பில்ட் செய்தாலும் மூலநிரலோடு அந்தப் பொதியையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் என்னென்ன இருந்தன தெரியுமா? சி நூலகத்தின் பன்மொழிப் பகுதி (இது இல்லாமல் ஏறத்தாழ எந்த நிரலுமே இயங்காது), நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்-இன் கோப்புப் பூட்டைக் கவனிக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பகுதி, குறியாக்கத்தில் ஒரு பங்கு, சில டிரைவர்கள், அதோடு டெயில், செட் மாதிரி தினமும் கை வைக்கிற சின்னச் சின்ன கட்டளைகளும். "திறமூல இயங்குதளம்" என்று ஐந்து வருடம் பெயர் வாங்கிய ஒன்றில் ஒரு கோப்பின் கடைசிப் பத்து வரியைக் காட்டும் கட்டளைக்கு மூலநிரல் இல்லை! சன் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை, பொதி வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

டி'அமோர் அந்தப் பன்மொழிப் பகுதியை ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறமூல யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் நிரலை அடிப்படையாக வைத்து மாற்றி எழுதினார். டெயில், செட் போன்றவையும் பிஎஸ்டி பக்கத்திலிருந்து கடன் வாங்கியதில் சரியாயின. என்எஃப்எஸ் பூட்டு மட்டும் எளிதில் தீரவில்லை, மாற்று வந்து சேரப் பல வருடம் ஆனது. இந்த வேலையில் கவர்ச்சி எதுவுமே கிடையாது. புது வசதி என்று காட்ட ஒன்றும் இல்லை, மாதக்கணக்கில் உழைத்து முடித்த பிறகு கிடைப்பது நேற்று வரை இருந்த அதே இயங்குதளம். கைவிடப்பட்ட திட்டங்களை மீட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது கம்பைலர், அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். சோலாரிஸ் கெர்னலை சன் தன் சொந்த கம்பைலரான சன் ஸ்டூடியோவை வைத்துத்தான் பில்ட் செய்தது. அது இலவசமாகக் கிடைத்தது, ஆனால் மூடிய மென்பொருள். ஆரக்கிள் நாளைக்கே இறக்க விடாமல் செய்தால் இல்லுமோஸை ஒரு வரிகூடக் கம்பைல் செய்ய முடியாது. ஆகவே திறமூலக் கம்பைலரான ஜிசிசிக்கு மாற வேண்டியிருந்தது. 2012 வாக்கில் அந்த மாற்றம் நடந்தது, அதுவும் நேரே எடுத்துப் போட்ட ஜிசிசி இல்லை. ஒரு செயல்கூறை அழைக்கும்போது அதற்குக் கொடுத்த மதிப்புகளை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் சேமித்து வைக்கும் பழக்கம் சன் கம்பைலரில் இருந்தது. கெர்னல் விழுந்தால், விழுந்த இடத்தில் என்ன மதிப்புகள் இருந்தன என்று தோண்டிப் பார்க்க அது உதவும். சோலாரிஸ்காரர்கள் அந்த வசதியை உயிராக நினைப்பவர்கள். ஜிசிசியில் அதற்கு ஒரு பேட்ச் போட்டு, அந்தப் பேட்சைப் பதிப்புக்குப் பதிப்பு சுமந்துகொண்டு வருகிறார்கள்.

மூலநிரலோடு வராத இன்னொன்று, ஞாபகம். சோலாரிஸின் மாற்றக் குறிப்புகளைப் புரட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஏழு இலக்க எண் ஒன்று நிற்கும். அது சன்னின் பிழைத் தரவுத்தளத்தில் உள்ள எண். இந்த வரியை ஏன் இப்படி எழுதினார்கள், எந்த வாடிக்கையாளரிடம் எப்படி உடைந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது. வெளியே தெரிந்த கொஞ்சமும் ஆரக்கிள் காலத்தில் போய்விட்டது. எண் இருக்கிறது, அதைத் திறக்கும் கதவு இல்லை. பெயரும் போனது: ஓபன்சோலாரிஸ் என்பது ஆரக்கிளின் வணிகப் பெயர், அதை யாரும் தொடக்கூடாது. அதனால்தான் 2010 செப்டம்பரில் இல்லுமோஸை அடிப்படையாகக் கொள்ளப்போகும் வினியோகம் லண்டனில் அறிவிக்கப்பட்டபோது, அதற்கு ஓபன்இந்தியானா என்று பெயர் வைத்தார்கள். மர்டாக்கின் பழைய ப்ராஜெக்ட் பெயர்தான்.

இவ்வளவையும் தாண்டி இது எப்படிப் பிழைத்தது? ஆர்வம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் ஆர்வத்தை மட்டும் வைத்து ஒரு யூனிக்ஸ் கெர்னலைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. டிட்ரேஸை உருவாக்கிய மூவரும், இசட்எஃப்எஸ்-இன் கர்த்தாக்களான ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஏரன்ஸும் 2010 முடிவதற்குள் ஆரக்கிளை விட்டுக் கிளம்பினார்கள். மாற்றக் குறிப்பில் இல்லாத ஞாபகம் அவர்களுடைய தலைகளில் இருந்தது. அவர்களில் பிரையன் கான்ட்ரில் ஜாயென்டுக்கும், ஆடம் லெவந்தாலும் ஏரன்ஸும் டெல்ஃபிக்ஸுக்கும் போனார்கள். இரண்டாவது, அந்த நிறுவனங்களும் நெக்சென்டாவும் தங்கள் வியாபாரத்தையே ஓபன்சோலாரிஸின் மேல் கட்டியிருந்தன. ஜாயென்ட் மேகக் கணிமை விற்றது, நெக்சென்டா சேமிப்பகம் விற்றது, டெல்ஃபிக்ஸ் தரவுத்தள வேலை செய்தது. மூன்றுக்கும் இது சோற்றுப் பிரச்சினை. அதனால் பிழை திருத்தச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள், திருத்தியதை ஒரே கூடையில் போட்டார்கள். இந்த முறை யாரிடமும் பதிப்புரிமையை ஒப்படைக்கும் காகிதம் கேட்கப்படவில்லை. எழுதியவர் உரிமை எழுதியவரிடமே இருக்கும், ஒரு நிறுவனம் விலைபோனாலும் மொத்தத்தையும் மூட முடியாது.

ஜாயென்ட் 2011 ஆகஸ்டில் லினக்ஸின் கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி வசதியை இல்லுமோஸுக்குக் கொண்டுவந்து ஸ்மார்ட்ஓஎஸ் என்று வெளியிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. சோன்ஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் ஒரு வசதியை சன் ஒரு காலத்தில் செய்து, அப்புறம் வேண்டாம் என்று 2010-இல் நீக்கியிருந்தது. 2014-இல் அதை வரலாற்றிலிருந்து தோண்டி எடுத்து, தூசி தட்டி, மறுபடி ஓட வைத்தார்கள். கைவிடப்பட்ட திட்டத்துக்குள்ளேயே ஏற்கெனவே கைவிடப்பட்ட ஒரு பகுதி, அதற்கும் மறுபிறவி.

மேசைக்கணினிக்காக வந்த ஓபன்இந்தியானாவின் பாதை இவ்வளவு சுகமாக இல்லை. அதற்குப் பின்னால் சம்பளம் கொடுக்கும் ஆள் கிடையாது. இதோ நிலையான பதிப்பு வருகிறது என்று சொல்லிக்கொண்டே முன்னோட்டப் பதிப்புகளாக விட்டுக்கொண்டிருந்தார்கள், 2012-இல் திட்டத் தலைவர் விலகினார். 2013-இல் சிலர் சேர்ந்து "நிலையான பதிப்பு" என்ற கனவையே விட்டுவிட்டு, ஹிப்ஸ்டர் என்ற பெயரில் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகும் கிளை ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நிறுவல் படிமம், அவ்வளவுதான் வாக்குறுதி. திட்டம் மூச்சுவிட ஆரம்பித்தது அங்கிருந்துதான். கையாளக்கூடிய அளவுக்கு ஆசையைச் சுருக்கிக்கொண்டதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

ஓம்னிஓஎஸ்-ஐயும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இரண்டு முறை கைவிடப்பட்டது எனலாம், ஓபன்சோலாரிஸோடு ஒரு முறை, அப்புறம் தானே ஒரு முறை. ஆம்னிடிஐ என்ற நிறுவனம் 2012-இல் இல்லுமோஸை வைத்து சர்வர்களுக்கென்றே செய்த மெலிந்த வினியோகம் அது. 2017 ஏப்ரலில் அந்த நிறுவனம், இனி நாங்கள் இதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஆரக்கிள் மாதிரி மௌனமாக இருந்து கழுத்தை அறுக்காமல் வெளிப்படையாகச் சொன்னார்கள், அந்த நாகரிகம் இதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. அதைத் தங்கள் சர்வர்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் முன்வந்து, பில்ட் முறையைத் தாங்களே எழுப்பி, புதுக் களஞ்சியமும் அதற்கான கையொப்பச் சாவிகளும் (மென்பொருள் உண்மையிலேயே தங்களிடமிருந்து வந்தது என்று உறுதிசெய்பவை) வைத்து, ஜூலைக்குள் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கினார்கள். நவம்பரில் சொந்தப் பதிப்பே வந்துவிட்டது. அந்த மூவரில் ஒருவர் டோபியாஸ் ஓட்டிக்கர். அவர் எழுதிய, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் எம்ஆர்டிஜி வரைபடங்களைப் பார்த்தே வயிற்றைக் கழுவிய நெட்வொர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரு சங்கமாகப் பதிவுசெய்து இப்போதும் நடத்துகிறார்கள்.

சாவி என்றதும் ஆண்ட்ராய்டு பக்கத்துச் சம்பவம் ஒன்று ஞாபகம் வருகிறது. சயனோஜென் நிறுவனம் 2016 டிசம்பர் 23 அன்று, மாதக் கடைசியோடு சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் சேவைகளை நிறுத்துகிறோம் என்றது. மறுநாளே லீனேஜ்ஓஎஸ் அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் ஃபோர்க் என்று அப்போது எல்லோரும் கைதட்டினார்கள், ஆனால் பெயரும் சர்வரும் நிறுவனத்தின் சொத்து. சாவி மாறியதால் பழைய போனில் புதியதை அப்படியே மேலே ஏற்றினால் ஒத்துப்போகாது. அதற்காகவே ஒரு இடைக்கால பில்ட் செய்தார்கள், அதில் கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு எழுத்துப் பட்டையை வேண்டுமென்றே ஒட்டினார்கள், யாரும் அதிலேயே தங்கிவிடக்கூடாது என்று. குறும்புதான், ஆனால் பயனரின் சோம்பேறித்தனத்தை நன்றாகப் புரிந்துகொண்ட குறும்பு.

எல்லாத் திட்டத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. நார்வேயைச் சேர்ந்த ஒருவர் கிட்டத்தட்டத் தனியாளாக எழுதிய ஏதியோஎஸ் என்ற அழகான இயங்குதளம் இருந்தது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், மூடிய பொதி எதுவும் பெரிதாக இல்லை. அவர் நிறுத்திக்கொண்டதும் 2002-இல் அதை சில்லபிள் என்ற பெயரில் ஆர்வலர்கள் எடுத்து, பத்து வருடம் உழைத்தார்கள். 2012-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. உரிமத்திலும் திறமையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நின்றால் மறுநாள் வேலை கெடும் என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை.

இல்லுமோஸைப் பற்றி ரொம்பவும் புகழ்ந்துவிட்டேன் போலிருக்கிறது, கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வன்பொருள் நிறுவனங்கள் லினக்ஸுக்கு டிரைவர் எழுதித் தருகிற மாதிரி இதற்கு எழுதித் தருவதில்லை, அதனால் மடிக்கணினியில் வைஃபை, கிராஃபிக்ஸ் என்றால் இன்றும் திண்டாட்டம். அதன் கிரீடத்தில் இருந்த இசட்எஃப்எஸ் வீடு மாறிப் போனது. 2013-இல் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற பொதுக் குடை வந்தபோது இல்லுமோஸ்தான் தாய்வீடு, 2020-இல் அதன் 2.0 வந்தபோது லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் ஒரே நிரலில் இருந்தன, இல்லுமோஸ் அந்தப் படத்தில் இல்லை. ஆரம்பத்தில் தோள் கொடுத்த நிறுவனங்களும் அப்படியே நிற்கவில்லை. டெல்ஃபிக்ஸ் லினக்ஸுக்கு மாறியது, நெக்சென்டா கைமாறியது, ஜாயென்டை 2016-இல் சாம்சங் வாங்கி, 2022-இல் ஸ்மார்ட்ஓஎஸ் எம்என்எக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்திடம் போனது. ஆனால் ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் உள்ளே இருந்தார். கான்ட்ரில் பிறகு சேர்ந்து தொடங்கிய ஆக்சைடு நிறுவனம் விற்கும் சர்வர் ரேக்குகளுக்குள்ளும் இல்லுமோஸ்தான் ஓடுகிறது.

2021-இல் இல்லுமோஸ்காரர்கள் இன்னொரு முடிவெடுத்தார்கள். சோலாரிஸ் வளர்ந்ததே சன்னின் சொந்தச் சில்லான ஸ்பார்க்கில்தான். அந்த ஆதரவைத் தொடர வேண்டுமென்றால் பில்ட் செய்ய நல்ல ஸ்பார்க் இயந்திரங்கள் வேண்டும், புதிய கம்பைலர் அதில் ஒழுங்காக ஓட வேண்டும், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். மூன்றும் கையில் இல்லை. வருத்தத்தோடு, ஆனால் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டு, ஸ்பார்க் நிரலை நீக்க ஆரம்பித்தார்கள். பழைய வரலாறு களஞ்சியத்திலேயே இருக்கிறது, யாருக்காவது அந்த இயந்திரம் சோறு போடுகிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம்.